வளைந்த வேர்க் கால்வாய்க்கு எந்த ஃபைல்? அளந்து, ஒப்பிட்டு, தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தொண்டியிலிருந்து சாயல்குடி வரையிலான ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் தனியாக மருத்துவமனை நடத்தும் பல் மருத்துவருக்கு வளைந்த வேர்க் கால்வாய் (பல்லின் வேருக்குள் நரம்பு ஓடும் குழாய்) என்பது அபூர்வமாக வரும் சிக்கல் அல்ல, அன்றாட வேலை. சிறப்பு மருத்துவரிடம் அனுப்பலாம் என்றாலும், ராமேசுவரத்திலிருந்தோ ஏர்வாடியிலிருந்தோ ஒரு பல்லுக்காக மதுரை வரை போய்வர எல்லோராலும் முடியாது. எனவே பெரும்பாலான வளைவுகளை உள்ளூரிலேயே கையாள வேண்டியிருக்கிறது. கால்வாயைச் சுரண்டி விரிக்கும் ஃபைல் என்ற மெல்லிய கருவிகளில் அந்த வேலைக்கு எது ஏற்றது என்ற கேள்விக்கு, விற்பனைப் பிரதிநிதி ஒவ்வொரு மாதமும் ஒரு புதிய பெயரைப் பதிலாகக் கொண்டுவருகிறார். பெயர்களை ஒப்பிடுவதால் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து. வளைவின் ஆரம், ஃபைலின் நுனி அளவு, டேப்பர் (நுனியிலிருந்து மேலே போகப்போக ஃபைல் தடிக்கும் வீதம்), உலோகத்தின் வெப்பப் பதம் ஆகிய நான்கையும் பார்த்த பிறகுதான் பிராண்டின் முறை வர வேண்டும். அந்த வரிசையிலேயே இந்த வழிகாட்டியும் செல்கிறது.

முதற்படி: வளைவை அளப்பது

வளைவை "லேசு", "அதிகம்" என்று கண்ணால் மதிப்பிடுவதை முதலில் நிறுத்த வேண்டும். 1971-இல் ஷ்னைடர் வகுத்த முறை எளிமையானது. எக்ஸ்ரே படத்தில் கால்வாயின் மேற்பகுதி வழியாக அதன் நீள அச்சுக்கு இணையாக ஒரு கோடு வரைய வேண்டும். கால்வாய் அந்தக் கோட்டை விட்டு விலகத் தொடங்கும் புள்ளியிலிருந்து வேர்நுனித் துளைக்கு இன்னொரு கோடு வரைய வேண்டும். இரண்டு கோடுகளும் சந்திக்கும் குறுங்கோணமே வளைவின் கோணம். 5 பாகை வரை நேரான கால்வாய், 10 முதல் 20 பாகை வரை நடுத்தர வளைவு, 25 பாகைக்கு மேல் கடும் வளைவு. டிஜிட்டல் எக்ஸ்ரே மென்பொருள்களில் கோணம் அளக்கும் வசதி இருப்பதால் இதற்கு அதிக நேரம் ஆகாது.

ஆனால் கோணம் மட்டும் போதாது. 40 பாகை வளைவு, வேரின் நீளம் முழுவதும் மெல்ல விரிந்து செல்வதாகவும் இருக்கலாம். கடைசி மூன்று மில்லிமீட்டரில் சட்டென்று மடங்குவதாகவும் இருக்கலாம். முதலாவதில் ஃபைல் வசதியாகப் போகும், இரண்டாவதில் ஒடியும். இந்த வேறுபாட்டைச் சொல்வது வளைவின் ஆரம். புரூயட்டும் அவருடைய கூட்டாளிகளும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு, ஆரம் குறையக் குறைய நிக்கல் டைட்டானியம் ஃபைலின் ஆயுளும் குறைகிறது என்று காட்டியது. 5 மி.மீ. ஆரத்தில் பல சுற்று தாங்கும் ஃபைல், 2 மி.மீ. ஆரத்தில் வெகு சீக்கிரம் களைத்துப்போகும். ஆகவே நோயாளியின் குறிப்பேட்டில் கோணத்தையும், வளைவு தொடங்கும் இடத்தையும், அது திடீர் வளைவா மெல்லிய வளைவா என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

எக்ஸ்ரே இரு பரிமாணப் படம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் ஃபைலைக் கையில் எடுக்கும்போது அது மறந்துவிடுகிறது. மேல் முதல் கடைவாய்ப் பல்லின் அண்ணப் பக்க வேர், படத்தில் நேராகத் தெரிந்தாலும் பல வேளைகளில் நுனியில் கன்னப் பக்கம் திரும்பியிருக்கும். மேல் பக்கவெட்டுப் பல்லின் நுனி பின்னோக்கியும் அண்ணத்தை நோக்கியும் வளைவது வழக்கம். கீழ் முதல் கடைவாய்ப் பல்லில் நாக்குப் பக்கமாகக் கூடுதல் வேர் ஒன்று இருந்தால், அது கன்னப் பக்கமாகக் கொக்கிபோல் வளையக்கூடும். எக்ஸ்ரே குழாயைச் சுமார் 20 பாகை நகர்த்தி இரண்டாவது படம் எடுப்பது இவற்றில் பலவற்றைக் காட்டிக்கொடுக்கும்.

படத்தைவிட நம்பகமான சாட்சி 10-ஆம் எண் (நுனி விட்டம் 0.10 மி.மீ.) எஃகு ஃபைல். கால்வாயின் முழு நீளமும் போய் வந்த அந்த ஃபைலை, நீளத்தைக் குறிக்கும் ரப்பர் ஸ்டாப்பரின் கூர்முனை கன்னப் பக்கம் பார்த்தபடியே வெளியே எடுத்து, விளக்கொளியில் பிடித்துப் பார்க்க வேண்டும். எஃகு, தான் போய்வந்த வளைவைக் கொஞ்சம் தன்மேல் தக்கவைத்துக்கொள்ளும். நுனியிலிருந்து எத்தனையாவது மில்லிமீட்டரில் மடிப்பு தொடங்குகிறது, அது ஸ்டாப்பர் முனைக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால், எக்ஸ்ரே மறைத்த மூன்றாவது பரிமாணம் கையிலேயே இருக்கும். நிக்கல் டைட்டானியம் ஃபைல் பழையபடி நிமிர்ந்துவிடுவதால் இந்தச் சாட்சியத்தைத் தராது.

இரண்டாம் படி: உலோகத்தைப் புரிந்துகொள்வது

வளைந்த குழாய்க்குள் தென்னை ஈர்க்கைச் செருகினால், அது நிமிரப் பார்த்து நுனியில் வெளிச்சுவரையும் நடுவில் உட்சுவரையும் அழுத்தும். எஃகு ஃபைல் கால்வாயில் செய்வதும் அதுவேதான். 10, 15 எண்களில் இந்த அழுத்தம் பொறுத்துக்கொள்ளக்கூடியது. 25-ஐத் தாண்டினால் நுனியில் வெளிச்சுவரில் பள்ளமும், நடுவில் உட்சுவரில் தேய்மானமும் உண்டாகும். லெட்ஜ் (சுவரில் விழும் படிக்கட்டு போன்ற வெட்டு), ஜிப் (நுனித் துளை ஒரு பக்கமாகக் கிழிந்து விரிதல்), வேர் நுனியில் ஓட்டை, வேரின் உட்பக்கச் சுவர் கிழிதல் எல்லாம் இந்த ஒரே விசையின் வெவ்வேறு விளைவுகள்.

நிக்கல் டைட்டானியம் கலவை, அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் உருவானது. எடையில் சுமார் 56 விழுக்காடு நிக்கல், மீதி டைட்டானியம். பல் சீரமைப்புக் கம்பியாகப் பயன்பட்ட இதிலிருந்து வேர் சிகிச்சை ஃபைல் செய்யலாம் என்று வாலியா, பிரான்ட்லி, கெர்ஸ்டைன் ஆகியோர் 1988-இல் காட்டினார்கள். எஃகைவிட இரண்டு மூன்று மடங்கு நெகிழ்வானது என்பதால் வளைந்த கால்வாயின் நடுவிலேயே நிற்கும் தன்மை இதற்கு அதிகம். ஆனால் அந்த முதல் தலைமுறை உலோகமும் நிமிரவே முயலும், அழுத்தம் குறைவு என்பது மட்டுமே வேறுபாடு.

உண்மையான மாற்றம் வெப்பப் பதத்தால் வந்தது. 2007 வாக்கில் எம்-வயர், அதன் பின் கட்டுப்படுத்தப்பட்ட நினைவு கொண்ட சி.எம். வயர், பிறகு தங்க நிறத்திலும் நீல நிறத்திலும் வரும் ஃபைல்கள் என்று வரிசையாக வந்தன. வழக்கமான நிக்கல் டைட்டானியம் வாயின் வெப்பநிலையில் ஆஸ்டெனைட் என்ற விறைப்பான படிக அமைப்பில் இருக்கும். பதப்படுத்திய ஃபைலில் மார்டென்சைட் என்ற மென்மையான அமைப்பு முழுதாகவோ ஓரளவோ எஞ்சியிருக்கும். அதனால் அது வளைத்த இடத்தில் நிற்கிறது, நிமிர மெனக்கெடுவதில்லை, மீண்டும் மீண்டும் வளைவதையும் கூடுதலாகத் தாங்குகிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு. மென்மையான உலோகத்தை முறுக்கினால் சீக்கிரம் புரி அவிழும். குறுகிய கால்வாயில் தள்ளினால் முன்னேறாமல் மடங்கும். வளைவுக்கு மென்மை வேண்டும், அடைப்புக்கு விறைப்பு வேண்டும். இரண்டையும் ஒரே ஃபைலிடம் கேட்கக் கூடாது.

மூன்றாம் படி: பெட்டியின் மேலுள்ள எண்களைக் கணக்கிடுவது

இந்தப் படியைத்தான் பெரும்பாலானவர்கள் தாண்டிச் செல்கிறார்கள். 25 எண், 0.08 டேப்பர் என்று எழுதியிருந்தால், நுனி விட்டம் 0.25 மி.மீ., அங்கிருந்து மேலே ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 0.08 மி.மீ. கூடும். நுனியிலிருந்து 3 மி.மீ. தொலைவில், கடும் வளைவு பெரும்பாலும் அமையும் இடத்தில், அதன் விட்டம் 0.49 மி.மீ. அதே 25 நுனியில் 0.04 டேப்பர் ஃபைலுக்கு அந்த இடத்தில் 0.37 மி.மீ. மட்டுமே. குறுக்குவெட்டு வடிவமும் உலோகமும் ஒன்றாக இருந்தால், வளைப்பதற்கான விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் உயரும். அதாவது, 0.49-க்கும் 0.37-க்கும் இடையே விறைப்பு சுமார் மூன்று மடங்கு. நுனி எண் ஒன்றாக இருக்கும் இரண்டு ஃபைல்களை ஒப்பிட்டு "இந்தக் கம்பெனிதான் நல்லது" என்று சொல்பவர்கள் பல வேளைகளில் உண்மையில் ஒப்பிட்டது டேப்பரைத்தான்.

சந்தையிலுள்ள சில ஃபைல்களின் நுனிப்பகுதி அளவுகளை இங்கே நினைவில் கொள்ளலாம். புரோட்டேப்பர் யுனிவர்சல், புரோட்டேப்பர் கோல்டு இரண்டிலும் எஃப்1 என்பது 20 நுனி, 0.07 டேப்பர், எஃப்2 என்பது 25, 0.08. இரண்டுக்கும் வடிவம் ஒன்று, பதம் வேறு. புரோட்டேப்பர் நெக்ஸ்ட் எக்ஸ்1 என்பது 17, 0.04, எக்ஸ்2 என்பது 25, 0.06. வேவ்ஒன் கோல்டு பிரைமரி 25, 0.07. ரெசிப்ராக் ஆர்25 என்பது 25, 0.08. இவற்றில் பலவற்றுக்கு டேப்பர் நுனியிலிருந்து சில மில்லிமீட்டர் வரைதான் அந்த அளவில் இருக்கும், மேலே போகப்போகக் குறையும். ஹைஃப்ளெக்ஸ் சி.எம். வரிசையில் 0.04 டேப்பரில் பல நுனி அளவுகள் கிடைக்கின்றன.

நான்காம் படி: கை ஃபைலா, சுழல் ஃபைலா, முன்பின் அசைவா

கை ஃபைல்களின் காலம் முடிந்துவிடவில்லை. கே-ஃபைல் வழி தேடுவதற்கு இன்றியமையாதது. ஹெட்ஸ்ட்ராம் ஃபைல் வெளியே இழுக்கும்போது மட்டும் வெட்டும், சுழற்றினால் ஒடியும், அதனால் கடும் வளைவின் நுனிப் பகுதியில் அதற்கு வேலையில்லை. நுனி மழுங்கிய கே-ஃபைலை ரோன் 1985-இல் விளக்கிய சமவிசை முறையில் பயன்படுத்தினால் எஃகுகூட வளைவை மதிக்கும். வலப்புறமாகக் கால் சுற்று திருப்பி உள்ளே பிடிக்க வைக்க வேண்டும். பின் நுனி நோக்கி மெல்ல அழுத்தியபடியே இடப்புறமாக மூன்றில் ஒரு பங்கு சுற்றோ அதற்கு மேலோ திருப்பி வெட்ட வேண்டும். கடைசியில் வலப்புறம் திருப்பித் துகளை வெளியே அள்ள வேண்டும். மோட்டார் இல்லாத இடத்திலும், திடீர் வளைவுகளிலும் இந்த முறையை அறிந்தவர் பிழைத்துக்கொள்வார்.

தொடர் சுழற்சி ஃபைல்களில் பல நிமிடத்துக்கு 300 சுற்று அளவில் ஓடுகின்றன. ஹைஃப்ளெக்ஸ் சி.எம். போன்றவை 500 சுற்றில் ஓடுவதற்கானவை. தயாரிப்பாளர் சொன்ன வேகத்தையும் டார்க் (முறுக்கு விசை) எல்லையையும் மீற வேண்டாம். முன்பின் அசைவு முறைக்கு, அதாவது ஃபைலை இடவலமாக மாறிமாறிச் சுழற்றும் முறைக்கு, வழிவகுத்தவர் யாரெட். 2008-இல் அவர் ஒரே ஒரு புரோட்டேப்பர் எஃப்2 ஃபைலை இரு திசைகளிலும் அசைத்துக் கால்வாய் முழுவதையும் தயாரித்துக் காட்டினார். வேவ்ஒன், ரெசிப்ராக் இரண்டும் 2011-இல் வந்தன. வேவ்ஒன் இடப்புறம் 170 பாகை வெட்டி, வலப்புறம் 50 பாகை விடுவிக்கும். ரெசிப்ராக்குக்கு அவை 150, 30. இரண்டிலும் மூன்று அசைவுக்கு ஒரு முழுச் சுற்று. ஃபைல் சுவரில் கவ்விக்கொண்டு முறுகும் முன்பே விடுவிக்கப்படுவதால், அதே ஃபைல் தொடர் சுழற்சியில் தாங்குவதைவிட முன்பின் அசைவில் அதிக நேரம் தாங்குகிறது. வெட்டும் திசை இடப்புறமாக இருப்பதால் இந்த ஃபைல்களைச் சாதாரண மோட்டாரில் மாட்டக் கூடாது. துகளை வேர்நுனிக்கு வெளியே தள்ளுவதில் எது மோசம் என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசுவதில்லை. ஃபைலை எவ்வளவு அழுத்துகிறோம், எத்தனை முறை கழுவுகிறோம் என்பவை அதைவிட முக்கியம் என்றே நான் கருதுகிறேன்.

என் தேர்வை வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். 20 பாகைக்குள் உள்ள வளைவுக்குக் கையில் இருக்கும் எந்த நல்ல சுழல் ஃபைலும் போதும், விலையைப் பார்த்து வாங்கலாம். 25 பாகையைத் தாண்டினால் பதப்படுத்திய உலோகமும், 0.04-க்கு மிகாத டேப்பரும். வளைவு திடீரென்றோ இரட்டை வளைவாகவோ இருந்தால் நுனி அளவு 20-இல் நின்றாலும் குறை இல்லை. ஒற்றை ஃபைல் முறையை 0.07, 0.08 டேப்பரோடு கடும் வளைவில் இறக்க எனக்கு மனம் வருவதில்லை.

ஐந்தாம் படி: நோயாளிக்கு முன் மேசையில் ஒப்பிடுவது

புதிய ஃபைலை வாங்கியதும் நேராக வாயில் இறக்குவதைவிட, வளைந்த கால்வாய் கொண்ட ரெசின் கட்டைகளில் சோதிப்பது நல்லது. கட்டையை அசையாதபடி ஒரு சட்டத்தில் பொருத்தி, கால்வாயில் சிவப்பு மையை நிரப்பி, அருகில் அளவுகோலை வைத்துப் படம் எடுக்க வேண்டும். கால்வாயைத் தயாரித்து முடித்ததும் நீல மையை நிரப்பி, அதே தொலைவிலிருந்து அடுத்த படம் எடுக்க வேண்டும். இரண்டையும் கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் எந்தச் சுவரில் எவ்வளவு போனது என்பது தெளிவாகத் தெரியும். நுனியிலிருந்து 1, 2, 3, 5, 7 மி.மீ. உயரங்களில் உட்சுவரில் வெட்டப்பட்ட அளவிலிருந்து வெளிச்சுவரில் வெட்டப்பட்ட அளவைக் கழிக்க வேண்டும். விடை பூச்சியம் என்றால் ஃபைல் நடுவிலேயே நின்றது என்று பொருள். நுனிப் பகுதியில் விலகல் 0.3 மி.மீ.-ஐத் தாண்டினால் கட்டா பெர்ச்சா (கால்வாயை நிரப்பும் ரப்பர் போன்ற பொருள்) அடைப்பு கசிய வாய்ப்பு கூடுகிறது என்பதால், அந்த எண்ணை எல்லையாக வைத்துக்கொள்ளலாம்.

ஒப்பீடு நியாயமாக இருக்க வேண்டுமானால் கட்டையின் வளைவு, ஆரம்ப வழியின் அளவு, இறுதி நுனி அளவு, செய்பவரின் கை எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். முடிந்தால் டேப்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். பதப்படுத்திய ஃபைல்கள் குளிர்ந்த அறையில் காட்டும் நெகிழ்வு உடல் வெப்பநிலையில் ஓரளவு குறையும், ஆகவே கட்டையை இளஞ்சூட்டு நீரில் வைத்திருந்து சோதிப்பது உண்மைக்கு நெருக்கமானது. ரெசின், டென்டினைவிட (பல்லின் உட்பகுதித் திசுவைவிட) மென்மையானது, உராய்வுச் சூட்டில் இளகி ஃபைலில் ஒட்டும். அதனால் வேகத்தையோ ஒடிதலையோ இதை வைத்து முடிவு செய்ய வேண்டாம், வடிவத்தை மட்டும் பார்க்கவும். பிடுங்கிய பற்கள் கிடைத்தால் அவற்றைக் கிருமி நீக்கி, ஈரம் உலராமல் வைத்து, முன்னும் பின்னும் ஒரே கோணத்தில் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிடலாம்.

ஆறாம் படி: நாற்காலியில் வேலையின் வரிசை

மரத்துப்போக ஊசி, ரப்பர் டேம் (பல்லைத் தனிமைப்படுத்தும் ரப்பர் தாள்), பல்லின் கூரையைத் திறத்தல் ஆகியவை அறிந்தவையே. வளைந்த கால்வாயில் கூடுதலாகச் செய்ய வேண்டியது, கால்வாய் வாயிலை மறைக்கும் டென்டின் விளிம்பை அகற்றி முதல் வளைவைக் குறைப்பது. கீழ்க் கடைவாயின் மீசியல் (முன்பக்க) வேரில் இதை எச்சரிக்கையாகச் செய்ய வேண்டும். வேர்கள் பிரியும் இடத்துக்குச் சற்றுக் கீழே டிஸ்டல் (பின்) பக்கச் சுவர் ஒரு மில்லிமீட்டரையொட்டியோ அதற்கும் குறைவாகவோதான் இருக்கும். கால்வாய் வாயிலை விரிக்கும் துளைக்கருவியான கேட்ஸ் கிளிடனில் இரண்டாம் எண்ணின் விட்டமே 0.7 மி.மீ. அதை வளைவுக்குள் இறக்காமல் நேர்ப்பகுதியோடு நிறுத்தி, வேர்ப்பிரிவுக்கு எதிர்ப்பக்கமாக மட்டும் சாய்த்து இழுக்க வேண்டும்.

அடுத்தது வழி தேடல். 8 அல்லது 10-ஆம் எண் கே-ஃபைலின் கடைசி 3 மில்லிமீட்டரை முன்கூட்டியே மெல்ல வளைத்து, கால்வாயில் ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் கழுவுநீர்) நிறைந்திருக்க, கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல் மிகச் சிறு அசைவுகளில் இறக்க வேண்டும். தடை தென்பட்டால் தள்ளக் கூடாது; வெளியே எடுத்து, வளைவைத் திருத்தி, திசையை மாற்றி மறுபடி தேட வேண்டும். அபெக்ஸ் லொக்கேட்டரில் (கால்வாயின் நீளத்தை அளக்கும் மின்கருவியில்) நீளம் கிடைத்ததும் எக்ஸ்ரேயில் உறுதிசெய்து, 10-ஆம் எண் தங்கு தடையின்றி மேலும் கீழும் வழுக்கும் வரை அதிலேயே இருக்க வேண்டும். 10-இலிருந்து 15-க்குப் போகும்போது விட்டம் 50 விழுக்காடு கூடுகிறது. 20-இலிருந்து 25-க்கு 25 விழுக்காடுதான். படிகளில் உயரமானது முதற்படிதான் என்பதால், அந்த இடத்தில் 13, 16, 19 என்று இடைநிலை நுனிகள் கொண்ட பாத்ஃபைல் போன்ற க்ளைடு பாத் (தொடக்க வழியைச் சீராக்கும்) ஃபைல்கள் மிகவும் உதவும். வளைந்த கால்வாயில் சுழல் ஃபைல் ஒடிந்தால், ஃபைலின் தரத்தைச் சந்தேகிக்கும் முன் இந்தப் படியைச் சந்தேகிப்பது நியாயம்.

வடிவம் தரும் ஃபைலை ஓடிக்கொண்டே உள்ளே விட்டு, ஓடிக்கொண்டே எடுக்க வேண்டும். வளைவுக்குள் நிறுத்தி வைக்கக் கூடாது. இரண்டு மூன்று கொத்தலுக்குப் பின் வெளியே எடுத்துத் துடைத்து, புரிகளைப் பார்த்து, கழுவி, 10-ஆம் எண்ணால் வழி திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மீண்டும் இறங்க வேண்டும். புரியின் இடுக்கில் வெண்ணிற டென்டின் சேறு நுனியில் மட்டும் அடைந்திருந்தால் ஃபைல் அங்கேதான் கவ்வுகிறது, அதாவது மேற்பகுதி போதிய அளவு விரிந்திருந்தும் வளைவு இன்னும் இறுக்கமாக இருக்கிறது என்று அறியலாம். அப்போது அழுத்தாமல் ஒரு அளவு கீழிறங்கி வர வேண்டும்.

இறுதி அளவை எங்கே நிறுத்துவது என்பதைக் கழுவும் ஊசியும் தீர்மானிக்கிறது. 30 கேஜ் ஊசியின் வெளிவிட்டம் சுமார் 0.31 மி.மீ. 25, 0.04-இல் தயாரித்த கால்வாயில் நுனியிலிருந்து 2 மி.மீ. உயரத்தில் 0.33 மி.மீ. இடம் இருக்கும், ஊசி இறங்கும். 20, 0.04-இல் அதே இடத்தில் 0.28 மி.மீ. மட்டுமே, அங்கே ஊசி 3 மி.மீ. உயரத்தில்தான் நிற்கும். ஆகவே நுனி 20-இல் நின்றவர்கள் நெகிழும் மெல்லிய ஊசியோ, ஹைப்போவை அசைக்கும் கருவியோ வைத்து ஈடுசெய்ய வேண்டும். பீட்டர்ஸும் கூட்டாளிகளும் 2001-இல் நுண் சி.டி. மூலம் பார்த்தபோது, எந்த ஃபைல் முறையானாலும் கால்வாய்ச் சுவரின் 35 விழுக்காடோ அதற்கு மேலோ தொடப்படாமலே இருந்தது. அந்தப் பகுதியைச் சுத்தம் செய்வது திரவம்தான். 17 விழுக்காடு இ.டி.டி.ஏ. (சுவரில் படிந்த துகள் படலத்தை நீக்கும் திரவம்) ஒரு நிமிடம், பிறகு ஹைப்போ என்று முடிக்கலாம். ஹைப்போவோடு குளோரெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்தால் பழுப்பு நிறப் படிவு உண்டாகும், சேர்க்க வேண்டாம்.

கடற்கரைக்கு உரிய சில கணக்குகள்

உப்புக்காற்றும் உவர்நீரும் கருவிகளுக்கு ஆகாதவை. ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவியில்) ஆழ்குழாய்த் தண்ணீரை ஊற்றாமல் வடிநீரை மட்டும் பயன்படுத்த வேண்டும். ஃபைலைத் தண்டோடு சேர்த்து ஹைப்போவில் ஊறப்போடக் கூடாது. இரு வேறு உலோகங்கள் ஒரே திரவத்தில் இருப்பதால் அரிப்பு விரைவாகும். மின்சாரம் போய்வரும் ஊர்களில் பேட்டரியில் ஓடும் எண்டோ மோட்டார் ஆடம்பரம் அல்ல, ஏனெனில் வளைவின் நடுவில் ஃபைல் நின்றுபோவது விரும்பத்தக்கது அல்ல.

பாக் நீரிணையில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக் கிழமைகளில் கடலுக்குப் போகும் முறை இருப்பதால், அந்தக் குடும்பங்களுக்கு அடுத்த வருகையை மற்ற நாள்களில் குறிக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், நீண்ட வேலை தேவைப்படும் கடும் வளைவுகளைத் திட்டமிடத் தோதான காலம். கீழக்கரை, பெரியபட்டினம் பகுதிச் சங்கு குளிப்பவர்களுக்குத் தற்காலிக அடைப்போடு பல்லை விட்டுவைப்பது சரியல்ல. அடைப்பின் இடுக்கில் சிக்கும் காற்று, ஆழத்தில் அழுத்தம் மாறும்போது கடும் வலியைத் தரலாம். அவர்களுக்கு ஒரே அமர்வில் முடிக்க இயலுமா என்று பார்த்து, இயலாவிட்டால் நிரந்தர அடைப்பு வரை மூழ்க வேண்டாம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். வளைகுடா நாட்டிலிருந்து குறுகிய விடுமுறையில் வருபவர்களின் நிலையும் ஏறக்குறைய இதுவே.

ஏழாம் படி: எப்போது தூக்கி எறிவது, ஒடிந்தால் என்ன செய்வது

முறுக்கத்தால் கெடும் ஃபைல் புரி அவிழ்ந்து எச்சரிக்கும். வளைவுக் களைப்பால் கெடும் ஃபைல் எச்சரிக்காமல் ஒடியும். அதனால் கண்ணால் பார்த்து மட்டும் ஆயுளைக் கணிக்க முடியாது. கடும் வளைவில் ஓடிய ஃபைலை அந்தப் பல்லோடு கழித்துவிடுவதே என் வழக்கம். தயாரிப்பாளர் ஒருமுறைப் பயன்பாடு என்று குறித்திருந்தால் அதில் பேச்சே இல்லை. செலவு உறுத்துமானால் அதை முன்கூட்டியே சிகிச்சைக் கட்டணத்தில் சேர்த்துச் சொல்லலாம். சி.எம். வகை ஃபைல்களின் புரி நேராகிவிட்டால், ஆட்டோகிளேவ் செய்த பின் பழைய வடிவம் திரும்புகிறதா என்று பார்த்து, திரும்பாவிட்டால் கழிக்க வேண்டும்.

ஒடிந்தால் முதலில் எக்ஸ்ரே எடுத்து, நோயாளியிடம் அதே அமர்வில் சொல்லி, குறிப்பேட்டில் எழுத வேண்டும். துண்டு வளைவுக்கு மேலே நேர்ப்பகுதியில் இருந்தால் நுண்ணோக்கி வசதி உள்ள இடத்தில் எடுக்க முடியும், அனுப்பலாம். முன்வளைத்த 8-ஆம் எண் ஃபைலால் துண்டின் பக்கவாட்டில் வழி கிடைக்கிறதா என்று ஒருமுறை நிதானமாகத் தேடிப் பார்க்கலாம். வளைவைத் தாண்டி நுனியில் ஒடிந்திருந்தால், அதைத் தேடிப் போவது வேரின் சுவரையே தின்றுவிடும். சுத்தம் பெரும்பகுதி முடிந்த பின் ஒடிந்ததா, தொற்று நிறைந்திருந்த தொடக்கத்திலேயே ஒடிந்ததா என்பதைப் பொறுத்தே பல்லின் எதிர்காலம் அமையும். முதல் வகையென்றால் துண்டு வரை கழுவி அடைத்து, ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டால் போதும். இரண்டாம் வகையென்றால், வேர்நுனியில் நிழல் குறையாவிட்டால் அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம் என்பதை அன்றைக்கே சொல்லி, மதுரைக்கு அனுப்பும் கடிதத்தில் ஒடிந்த ஃபைலின் எண்ணையும் டேப்பரையும் துண்டின் நீளத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.